வெள்ளிக்கிழமை மாலை இறக்கிய பெட்டிகள்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி. எங்கள் கிளை ஒன்றிலிருந்து பதினான்கு பெட்டிகளைக் கொண்டுபோய் ஒரு காப்பகத்தில் இறக்கினார்கள். எல்லாமே குளிரில் வைக்க வேண்டிய உணவு, இரண்டு நாளில் காலாவதி. காப்பகத்தில் இருந்தது ஒரே ஒரு சின்ன ஃபிரிட்ஜ். சமைப்பவருக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை நான் அங்கே போனபோது பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிருந்தது. அதை அள்ளிக் கொட்டும் வேலையும் செலவும்கூட அவர்கள் தலையில்தான் விழுந்தன. எங்கள் கணக்கில் மட்டும் பதினான்கு பெட்டிகளும் 'நன்கொடை' என்று பதிவாகியிருந்தன.

பல கிளைகள் கொண்ட ஒரு மளிகை நிறுவனத்தில், சுற்றுவட்டாரத் தொண்டு அமைப்புகளுக்கான உதவிகளை ஒருங்கிணைப்பது என் வேலை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு, எந்தக் கிளையோடு பேசினாலும் "எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். எத்தனை கிலோ என்பதெல்லாம் அப்புறம்தான்.

உணவு வங்கி என்ற ஏற்பாடே மளிகைக் கடையின் குப்பைத் தொட்டியிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஏழைகளுக்கான சமையற்கூடம் ஒன்றில் தொண்டு செய்துவந்தார் ஜான் வான் ஹெங்கல். கடைகள் வெளியே எறிவதைப் பொறுக்கித் தன் பிள்ளைகளுக்கு ஊட்டிவந்த ஒரு தாய், மிஞ்சுவதைப் போட்டுவைக்கவும் தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளவும் வங்கி மாதிரி ஓர் இடம் இருக்கக்கூடாதா என்று அவரிடம் கேட்டதாகச் சொல்வார்கள். 1967இல் செயின்ட் மேரிஸ் உணவு வங்கி தொடங்கியது. உலகின் முதல் உணவு வங்கியாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

கடைக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். காலாவதி நெருங்கும் பொருளை ஊழியர் ஷெல்ஃபிலிருந்து பிரிப்பார். முதலில் விலையைக் குறைத்து விற்கப் பார்ப்பார்கள். கடைசி நாள் இரவுவரை விற்காமல் கிடந்தால் தானத்துக்கு ஒதுக்குவார்கள். பெரும்பாலான கிளைகளில் இதுதான் வழக்கம், கோளாறும் இங்கேதான். கடைசி இரவில் ஒதுக்கிய உணவு மறுநாள் வண்டி ஏறி, பிரித்து, சமைத்து, ஒருவர் தட்டுக்குப் போவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். அந்த முடிவை ஒரே ஒரு நாள் முன்னால் எடுத்தால் போதும். விலைக்குறைப்பில் வந்திருக்கக்கூடிய கொஞ்சம் பணம் போகும், உண்மைதான். ஆனால் கடை நிஜமாகவே ஒன்றை விட்டுக்கொடுத்தது என்று நான் எண்ணுவது அந்தப் பணத்தைத்தான். மற்றதெல்லாம் எப்படியும் எறியப் போகிற பொருள்.

காலாவதி தேதியிலும் குழப்பம் அதிகம். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது சுவையும் தரமும் குறையத் தொடங்கும் நாள். சரியாக வைத்திருந்த உலர்பொருளைப் பல நாடுகளில் அந்த நாளுக்குப் பிறகும் கொடுக்கலாம். 'யூஸ் பை' அப்படியல்ல, அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அந்த நாள் தாண்டியதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது' என்ற பேச்சு அங்கே செல்லாது. லிஸ்டீரியா போன்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், நிறமோ வாசனையோ காட்டிக்கொடுக்காது. காப்பகங்களில் சாப்பிடுபவர்கள் பலர் முதியவர்கள், கர்ப்பிணிகள், நோயாளிகள். கிருமி மற்றவர்களைவிட அவர்களைத்தான் கடுமையாகத் தாக்கும்.

கிளை மேலாளர்கள் சிலருக்கு வழக்கு வந்துவிடுமோ என்று பயம். அமெரிக்காவில் 1996இல் வந்த ஒரு சட்டம், பெரிய அலட்சியம் இல்லாமல் நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பிரான்ஸ் 2016இல் இன்னும் ஒரு படி மேலே போனது: 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் விற்காத நல்ல உணவை அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்போடு ஒப்பந்தம் போட வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் படித்துவிட்டுப் பயப்படுங்கள் என்பேன்.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஏதோ கோளாறு என்று ஒரு பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்போது கடைகளுக்கெல்லாம் தகவல் போகும். தானமாகப் பெற்ற காப்பகத்துக்கு யார் சொல்வது? எந்த பேட்ச் எங்கே போனது என்று எழுதிவைத்தால்தான் அன்று போன் செய்ய முடியும். ஒவ்வாமை விவரம் உள்ள லேபிளையும் கிழிக்காமல் கொடுக்க வேண்டும்.

கடையில் எது மிஞ்சுகிறது என்பதைத் தீர்மானிப்பது கடையின் ஆர்டர், காப்பகத்தின் தேவையல்ல. சோப்பு, நாப்கின், குழந்தை டயப்பர், சமையல் எண்ணெய் எல்லாம் அவ்வளவு சீக்கிரம் காலாவதியாகாது. அதனால் உபரிப் பெட்டியில் அவை வருவதே அரிது. நான் பேசிய காப்பகங்களோ பெரும்பாலும் அவற்றைத்தான் கேட்கின்றன. இதற்குக் கடை காசு கொடுத்து வாங்கித்தான் தர வேண்டும். பழைய ஃப்ரீசர், காலியாக நிற்கும் வண்டி, ரத்ததான முகாமுக்குக் கார் நிறுத்துமிடம், சம்பளத்தோடு ஊழியரின் அரை நாள் என்று கொடுப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

பில் போடும் இடத்தில் "மீதிச் சில்லறையை நன்கொடையாகக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்கிறார்களே, அது உங்கள் பணம். கடை அதை வாங்கிக் கைமாற்றுகிறது, அவ்வளவுதான். எந்த அமைப்புக்கு, எந்தத் தேதிவரை, சென்ற முறை எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பலகையில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் தயங்காதீர்கள். இதற்காகக் கவுண்டரில் நிற்பவருக்கு இலக்கு வைப்பதை நான் எதிர்க்கிறேன். அவர் முகத்துக்காகக் கொடுக்கும் பணத்தில் சங்கடம்தான் கலந்திருக்கிறது.

ஒரு கிளையின் உபரிப் பெட்டிகள் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் நான் முதலில் அதன் ஆர்டரைத்தான் பார்ப்பேன். ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் சில்லறைக் கடைகளின் பங்கு சுமார் 12 சதவீதம். அதிகமாக வாங்கி மிச்சத்தைத் தானமாகக் காட்டுவதைவிட, அளவோடு வாங்கி அந்தச் சேமிப்பைப் பணமாகக் கொடுப்பது மேல்.

அந்தக் காப்பகத்துக்கு இப்போது செவ்வாய், வியாழன் காலை எட்டு மணிக்கு வண்டி போகிறது. முந்தின நாள் மாலையே அங்கே சமைப்பவர் கிளைக்குப் போன் செய்வார். போன வாரம், "நாளைக்கு நாலு பெட்டி போதும், மீதியை வேறு யாருக்காவது கொடுங்கள் தம்பி" என்றாராம். அந்த நாலையும் எங்கள் கணக்கில் எழுதிக்கொண்டோம்.