சீதனக் காணியும் கணவன் கையெழுத்தும்: தேசவழமை சொல்வது என்ன?

காணி உங்கள் பெயரில் இருக்கிறது. அம்மா சீதனமாக எழுதித் தந்தது. உறுதியும் உங்கள் கையில்தான். ஆனாலும் விற்கவோ ஈடு வைக்கவோ போனால் நொத்தாரிசு முதலில் கேட்பது, "அவரும் வந்திருக்கிறாரோ, பிள்ளை?"

காரணம், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம். தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட திருமணமான பெண், தன் சொந்த அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது அதன் 6 ஆம் பிரிவு. கணவன் தன் முதுசக் காணியை, அதாவது பெற்றோர் வழி வந்த காணியை, விற்க மனைவியிடம் கேட்கத் தேவையில்லை. மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கோ மாத்தறைச் சிங்களப் பெண்ணுக்கோ இந்தத் தடை இல்லை; 1923 இலேயே திருமணமான பெண்களின் ஆதனச் சட்டம் அதை நீக்கிவிட்டது. அந்தச் சட்டம் தேசவழமைக்கு உட்பட்ட எங்களை வெளியே விட்டது. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சமத்துவம் பேசினாலும், பழைய சட்டங்கள் முரண்பட்டாலும் செல்லும் என்கிறது 16 ஆம் உறுப்புரை. இது அநீதி, திருத்தப்படவே வேண்டும்.

கொழும்புக்குக் குடிபெயர்ந்தாலும் தேசவழமை உங்களோடு வரும். வேறு சட்டத்துக்கு உட்பட்டவரை மணந்தால், அந்தத் திருமணம் நீடிக்கும்வரை அது உங்களைக் கட்டாது.

நகை, பணம் போன்ற அசையும் சொத்துக்குச் சம்மதம் வேண்டாம். மரணசாசனம் எழுதவும் வேண்டாம். திருமணமாகாதவருக்கும் விதவைக்கும் தடையே இல்லை. கணவன் வெளிநாட்டில் இருந்தால், தனக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம்.

பலருக்குத் தெரியாதது 8 ஆம் பிரிவு. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருவரும் இணங்கிப் பிரிந்திருந்தால், இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனையில் இருந்தால், சித்த சுவாதீனம் இழந்திருந்தால், இருக்குமிடமே தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி பெறலாம். நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும், உங்கள் அல்லது பிள்ளைகளின் நலனுக்குத் தேவையென்றாலும் கேட்கலாம். போரில் கணவன் காணாமல் போன பெண்கள், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாமல் காணியையும் தொடமுடியாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கும் "இருக்குமிடம் தெரியாது" என்ற இந்த வழி திறந்தே இருக்கிறது. அவர் இறந்துவிட்டார் என்று எந்தத் தாளிலும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் கையில் காசில்லை என்றால், யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். காணி உறுதி, விவாகப் பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை, கணவனைத் தேடிக் கொடுத்த முறைப்பாட்டுப் பிரதி இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.