சூம் கூட்டத்தில் தயங்குவது நீங்களா, இணைப்பா?

கொழும்பில் இருந்து நடத்தப்படும் ஒன்லைன் கூட்டங்கள் முடிந்ததும் எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி ஒரே கருத்துத்தான் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "வேலை தெரிந்தவர்தான், ஆனால் கதைக்கத் தயங்குகிறார்." கிளிநொச்சியில் இளைஞர்களுக்கும் கள உத்தியோகத்தர்களுக்கும் நேர்முகப் பரீட்சைப் பயிற்சியும் ஒன்லைன் கூட்டங்களுக்கான பயிற்சியும் கொடுப்பது என் தொழில். இதே ஆட்களை நேரில் இருத்திக் கதைக்கவிட்டால் அந்தத் தயக்கத்தைக் காண முடியாது. சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று வந்திருக்கும் அதிகாரியிடமே கணக்குக் கேட்கிற அக்காமார் இருக்கிறார்கள். அவர்கள்தான் திரைக்கு முன்னால் ஒடுங்கிப் போகிறார்கள். இதில் பெரும்பங்கு ஒலி, இணைப்பு, வெளிச்சம் என்ற மூன்றும் செய்கிற வேலை என்பதே நான் கண்டது. தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டு இது மாறாது. எது எங்கே பிழைக்கிறது என்று தெரிந்துகொண்டால் மாறும்.

முதலில் குரல். எந்தச் சட்டை போடுவது, பின்னால் என்ன தெரிய வேண்டும் என்று முகத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் கேட்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் காதாலும் எடைபோடுகிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2025 இல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதே ஆள், அதே சொற்கள். சிலருக்குத் தெளிவான ஒலியிலும் வேறு சிலருக்குத் தரம் குறைந்த மைக்கில் வருகிற தகரக் குரலிலும் போட்டுக் காட்டினார்கள். சொன்ன விஷயம் இரண்டு பக்கத்துக்கும் விளங்கியது. அப்படியிருந்தும் தகரக் குரலில் கேட்டவர்கள், பேசியவரின் அறிவுக்கும் நம்பகத்தன்மைக்கும் வேலைத் தகுதிக்கும் குறைவாகவே புள்ளி போட்டார்கள். பேசியவர் எந்தப் பிழையும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே செலவழிக்க ஒரு சிறு தொகைதான் இருக்கிறது என்றால் வயர் உள்ள இயர்போன் ஒன்றை வாங்குங்கள். போனை மேசையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, தள்ளி இருந்து கதைப்பதை விட்டுவிடுங்கள். புளூடூத் இயர்போன் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது பல சாதனங்களில் ஒலியின் தரம் குறைந்துவிடும். வயரில் தொங்கும் மைக் சங்கிலியிலோ சேலைத் தலைப்பிலோ உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உரசல் உங்களுக்குக் கேட்காது, மற்ற எல்லோருக்கும் கேட்கும். வெறும் சீமெந்துத் தரையும் தகரக் கூரையும் உள்ள பெரிய அறையில் குரல் எதிரொலிக்கும். கட்டிலும் மெத்தையும் துணி அடுக்கிய அலுமாரியும் உள்ள சின்ன அறைதான் நல்லது. ஃபானை நேரே முகத்துக்குத் திருப்பி வைக்காதீர்கள். மாரி காலத்தில் கூட்டம் என்றால் தகரத்தில் மழை விழுந்தால் எங்கே போய் இருப்பது என்று முதல் நாளே யோசித்து வையுங்கள்.

எங்கள் மொழிக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆமா, இல்லையா என்பதே அங்கேதான் தெரியும். நாங்களோ வாக்கியம் முடியும்போது குரலைத் தாழ்த்திவிடுகிறோம், பெரியவர்களோடு கதைக்கும்போது இன்னும் கூடுதலாக. இந்தச் செயலிகளில் பின்னணி இரைச்சலைத் தானாகவே அடக்குகிற வசதி இருக்கிறது. மிகவும் தாழ்ந்த குரலையும் அது சில வேளை இரைச்சலோடு சேர்த்து அடக்கிவிடும்.

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி நிறுவனம் ஒன்றின் ஒன்லைன் நேர்முகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் இருந்து எனக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுக்கச் சொல்லிவிட்டு, என் காதில் விழுந்ததை அப்படியே கொப்பியில் எழுதினேன். "டிப்ளோமா முடித்துவிட்டீரா?" என்று கேட்டேன். கொப்பியில் இருந்தது இவ்வளவுதான்: "டிப்ளோமா பாடமெல்லாம் முடி… கடைசிச் சோதனை மட்டும் எழுத…" முடித்தாளா, முடிக்கவில்லையா? எழுதினாளா, எழுத இருக்கிறாளா? கொப்பியைக் காட்டினேன்.

"நான் வடிவாத்தானே சொன்னனான், மிஸ்?"

"சொன்னனீர் பிள்ளை, கடைசிச் சொல் எனக்கு வந்து சேரேல்லை."

பிறகு செய்தது ஒரேயொரு மாற்றம். விடையை முதலில் சொல்ல வைத்தேன்: "இன்னும் இல்லை. பாடங்கள் முடிந்துவிட்டன. கடைசிச் சோதனை மார்ச் மாதம்." சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லிலும் முதல் சொல்லுக்குக் கொடுத்த அதே குரல். ஒரு பின்னேரப் பயிற்சியிலேயே அது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. வீட்டில் தனியாகப் பழகுபவர்கள் வட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்து, போட்டுக் கேட்டு, கடைசிச் சொற்களை மட்டும் கவனித்தால் போதும்.

அடுத்தது தாமதம். நேரில் கதைக்கும்போது ஒருவர் நிறுத்துவதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையில் உள்ள வெளி மிகச் சிறியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009 இல் வந்த ஆய்வில் அது சராசரியாக வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தது. சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடுகிற இடத்தில் இருந்து கதைப்பவரின் விடை அதைவிட எத்தனையோ மடங்கு பிந்திப் போய்ச் சேரும். 2014 இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 1.2 வினாடி தாமதம் இருந்தாலே, மறுமுனையில் இருப்பவர் சிநேகமில்லாதவர், கவனமில்லாதவர் என்ற எண்ணம் கேட்பவருக்கு வந்துவிடுகிறது. தாமதம் லைனில் இருந்தாலும் பழி ஆளின் மேல் விழுகிறது. மல்லாவியிலோ துணுக்காயிலோ இருந்து கதைப்பவர் "யோசித்து யோசித்துப் பேசுகிறார்" என்று பெயர் வாங்குவது இப்படித்தான்.

இதற்கு ஒரு கைமருந்து உண்டு. கேள்வி வந்த கணமே, விடை வாயில் இல்லாவிட்டாலும், "கேட்டது சேர், சொல்கிறேன்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு எடுக்கும் இரண்டு மூன்று வினாடியை யாரும் தயக்கமாகப் பார்க்க மாட்டார்கள். மியூட்டை எடுத்தவுடன் முதல் சொல் பாதியில் வெட்டுப்படுவதும் வழக்கம். அதனால் முக்கியமான சொல்லோடு தொடங்காதீர்கள். "வணக்கம், முல்லைத்தீவில் இருந்து கதைக்கிறேன்" என்று தொடங்கினால் வெட்டுப்பட்டாலும் நட்டமில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டால் இருவரும் நிறுத்தி, இருவரும் மன்னிப்புக் கேட்டு, திரும்பவும் இருவரும் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் "நீங்கள் சொல்லுங்கள், பிறகு நான் சொல்கிறேன்" என்று முதலில் சொல்கிறவரைத்தான் கூட்டத்தைத் தெரிந்தவராக எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

லைன் இழுபடத் தொடங்கினால் வீடியோவை நிறுத்துங்கள். சூமில் குரலுக்கு மட்டும் வினாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் வரை போதும். நல்ல வீடியோவுக்கு 600 கிலோபிட் அளவில் தேவை. முகத்தை விட்டுக் குரலைக் காப்பாற்றுவதுதான் கெட்டித்தனம். ஆனால் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. "இங்கே லைன் குறைவு, குரல் தெளிவாக வருவதற்காக வீடியோவை நிறுத்துகிறேன்" என்று ஒரு வரி சொல்லுங்கள். சொல்லாமல் நிறுத்துபவர் ஒளிகிறார் என்றும், சொல்லி நிறுத்துபவர் நிலைமையைக் கையாளுகிறார் என்றும் பார்க்கப்படுவார்கள். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். டேட்டா மீதியைப் பார்க்கும்போது பகல் மீதியைப் பாருங்கள். இரவுக்கென்று ஒதுக்கிய டேட்டா காலைக் கூட்டத்துக்கு உதவாது. போனிலேயே கூட்டத்தில் இருப்பவர்கள் அழைப்புகள் வராதபடி செய்துவைப்பதும் அவசியம். கதைத்துக்கொண்டிருக்கும்போது மாமியின் அழைப்பு வந்து மைக் நின்றுபோன கதை பலரிடம் இருக்கிறது.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "மிஸ், நான் கறுப்பு, கமராவில் முகமே தெரியாது" என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்க மனம் நோகும். உங்கள் நிறத்தில் ஒரு குறையும் இல்லை. காற்றுக்காக விறாந்தையில் முற்றத்துக்கு முதுகு காட்டி இருக்கிறீர்கள். வன்னி வெயிலில் பின்னால் முற்றம் கண்ணைப் பறிக்கிறது. போன் கமரா அந்தப் பிரகாசத்துக்கு ஏற்ப முழுப் படத்தையும் இருட்டாக்குகிறது. எந்த நிறத்தவர் அங்கே இருந்தாலும் நிழலாகத்தான் தெரிவார். கதிரையைத் திருப்பி யன்னலை அல்லது கதவைப் பார்த்து இருங்கள், வெளிச்சம் முகத்தில் விழட்டும். அழகூட்டும் ஃபில்டரை நிறுத்திவிடுங்கள், அது போனுக்கும் பாரம்.

போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தால் மூக்குத் துவாரமும் கூரையும்தான் தெரியும். கொப்பிகளை அடுக்கி, கமரா கண் உயரத்துக்கு வரும்படி கிடையாக வையுங்கள். கூட்டத்தில் நுழையமுன் உங்கள் பெயர் எப்படிக் காட்டப்படுகிறது என்றும் பாருங்கள். போனின் மொடல் பெயரோடு அல்லது தம்பியின் செல்லப் பெயரோடு வந்து நிற்பவரை, கூட்டம் நடத்துபவர் எப்படிக் கூப்பிடுவார்? பெயர், பதவி, மாவட்டம் மூன்றும் இருக்கட்டும்.

கமராவையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பெரியவர்களின் கண்ணை நேரே பார்த்துக் கதைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் கமராவைப் பார்த்துச் சொல்லுங்கள், மற்ற நேரம் திரையைப் பாருங்கள், அது போதும். அதைவிட முக்கியமாக, உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். சூமில் அதற்கு வசதி உண்டு, மற்றவர்களுக்கு நீங்கள் தெரிந்துகொண்டே இருப்பீர்கள். இந்தக் கூட்டங்கள் ஏன் இவ்வளவு களைப்பைத் தருகின்றன என்று 2021 இல் எழுதிய ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று, மணிக்கணக்காகத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது.

வன்னியில் வேலை செய்பவர்கள் பேசாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. "இந்தக் கூட்டம் பதிவு செய்யப்படுகிறது" என்ற அறிவிப்பு வந்ததும் சிலர் அப்படியே மௌனமாகிவிடுவார்கள். யார் படம் எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள், அது எங்கே போகும் என்று பயந்து வாழ்ந்த காலம் எங்கள் சனத்துக்கு இருந்தது. அந்தப் பயத்தைக் கூச்சம் என்று பெயர் வைத்துப் போக்க முடியாது. கேட்கலாம்: "இந்தப் பதிவை யார் பார்ப்பார்கள்? எங்காவது வெளியிடுவீர்களா?" இது நியாயமான கேள்வி, நிதானமாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். விடை திருப்தியில்லை என்றால் வீடியோ இல்லாமல் குரலில் மட்டும் கலந்துகொள்ளுங்கள். பிள்ளைகளை இழந்த தாய்மார், காணாமல் போனவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் கலந்துகொள்ளும் கூட்டங்களில் முகம் காட்டச் சொல்லி வற்புறுத்துவது கூடவே கூடாது.

மொழியும் ஒரு பாரம்தான். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின் பின் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அரச கூட்டத்தில் "நான் தமிழில் சொல்கிறேன், மொழிபெயர்க்க ஒழுங்கு செய்யுங்கள்" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இதை முதல் நாளே கேட்டால் ஆள் ஒழுங்கு செய்ய நேரம் இருக்கும். ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால் திறப்பு வரிகள் இரண்டையும் முடிவு வரி ஒன்றையும் மட்டும் வாய்க்கு வரும்வரை சொல்லிப் பழகுங்கள். நடுவில் வருவது உங்கள் வேலை, அது உங்களுக்குத் தெரியும். முழுவதையும் எழுதி வாசிப்பவர்கள் லைன் ஒருமுறை வெட்டியதும் எந்த வரியில் நின்றோம் என்று தவித்துப்போகிறார்கள்.

ஸ்லைட் காட்டுவதென்றால் அதை முன்கூட்டியே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "இப்போது 4 ஆவது பக்கம்" என்று இலக்கம் சொல்லிக்கொண்டே போங்கள். பாதிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள், ஆகவே எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். இலவச சூமில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் கேட்க வேண்டிய உதவியைக் கடைசிக்கு வைக்காதீர்கள். வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர்களோடு கதைக்கும் பாடசாலை அதிபர்கள் நேரத்தை இரண்டுதரம் பார்க்க வேண்டும். எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. லண்டனுக்கு நாலரையும் ஐந்தரையும்.

கூட்டத்தை நடத்துபவர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. மாவட்டங்களில் இருந்து வருபவர்களைக் கடைசியில் "வேறு யாராவது?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். லைனும் பற்றரியும் நன்றாக இருக்கும் தொடக்கத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகு ஐந்து வினாடி பொறுங்கள். ஆள் இல்லை என்று அடுத்தவருக்குப் போய்விட்டால், மாங்குளத்தில் இருந்து வந்துகொண்டிருக்கும் விடை நடுவழியிலேயே நின்றுவிடும். சத்தம் வரவே இல்லை என்றால் சாட்டில் எழுதச் சொல்லி, வந்ததை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள், சொன்னவரின் பெயரையும் சேர்த்து.