பத்தாவது முடிந்ததும் காணாமல் போகும் மாணவிகள்

தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன். நான் பார்த்தவரை, படிப்பை நிறுத்தும் பெண் பிள்ளைகள் வருடத்தின் நடுவில் நிற்பது குறைவு. பத்தாவது பொதுத்தேர்வை ஒழுங்காக எழுதுகிறார்கள், தேர்ச்சியும் பெறுகிறார்கள். ஜூனில் பதினொன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில்தான் பெயர் இருப்பதில்லை. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவே வீட்டில் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

அப்படி நின்றுபோன ஒரு மாணவியின் வீட்டுக்குப் போனேன். அம்மா களத்தில் ராகி காயவைத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, பிள்ளையை ஏன் சேர்க்கலை?" என்றேன். "டீச்சர், நாங்க ரெண்டு பேரும் பெங்களூரு கட்டட வேலைக்குப் போயிடுவோம். இது பாட்டிகூட இருக்கும். சாயங்கால பஸ்ஸை விட்டு இறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஊர் வாயை மூட முடியுமா?"

அவர் படிப்புக்கு எதிரி இல்லை. மகள் வாங்கிய 400க்கு மேற்பட்ட மதிப்பெண்ணைப் பெருமையாகச் சொன்னவர்தான். ஊரில் உயர்நிலைப் பள்ளி பத்தாவதோடு முடிகிறது, மேல்நிலைப் பள்ளி வேறு ஊரில். மாணவர் பஸ் பாஸ் இலவசம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணம் கிடையாது. அவர்களைத் தடுப்பது இருட்டிய பிறகு வந்து சேரும் அந்தக் கடைசி பஸ்தான்.

அதற்குள் மாமன் வீட்டிலிருந்து பேச்சு வந்துவிடும். பெண் வயதுக்கு வந்தபோது சீர் செய்தவர்களிடம் மறுத்துப் பேசுவது எளிதல்ல. இன்னும் படிக்கவைத்தால் அதற்கேற்ற மாப்பிள்ளை, அதற்கேற்ற நகை என்ற கணக்கும் சேர்ந்துகொள்ளும். இதே மாதங்களில்தான் மில் ஏஜெண்டும் வருவார். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லித்தான் 'சுமங்கலித் திட்டம்' பரவியது. பெயரையே பாருங்கள், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அவர்கள் வைத்திருந்த எதிர்காலம் அதிலேயே தெரியும்.

சட்டமும் இந்த வயதில்தான் கையை விடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். அரசின் பணம் வந்து சேருவதும் தாமதம்தான். முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்தது திருமண உதவித் திட்டம்: பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும். 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, உயர்கல்வி சேரும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றானது. மண்டபத்துக்குப் போன பணம் கல்லூரிக்குப் போகிறது, மனதார வரவேற்கிறேன். ஆனால் பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கும்போது அது கிடைக்காது. நடுவில் இருக்கும் இந்த இரண்டு வருடத்துக்கும் மாதந்தோறும் ஏதாவது தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சக ஆசிரியர்களுக்கு, இப்போது செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். பத்தாவது டி.சி. வாங்க வரும் ஒவ்வொரு மாணவியிடமும் அடுத்து எந்தப் பள்ளி என்று கேளுங்கள். தயங்கினால் அந்த வாரமே வீட்டுக்குப் போங்கள். மாலை பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி ஊராட்சித் தலைவரையும் சேர்த்துக்கொண்டு பணிமனையில் மனு கொடுங்கள். பெற்றோர் வெளியூர் போகிறவர்கள் என்றால் அரசு நலத்துறை மாணவியர் விடுதியைச் சொல்லுங்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம், பாட்டியின் பயமும் குறையும்.

பதினெட்டு நிறையாத பெண்ணுக்குத் திருமணப் பேச்சு என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். அதிகாரிகள் வந்து தடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். கல்யாணம் செய்ய மாட்டோம் என்று வீட்டார் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் உறவினர் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகத் தாலி கட்டிவிடுவதும் நடக்கிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் தடையுத்தரவு வாங்கச் சொல்லி மாவட்ட சமூகநல அலுவலரிடம் கேளுங்கள். அந்த உத்தரவை மீறி நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லாது.