ஜூமார்: தமிழில் ஏறுபிடி

மட்டக்களப்புப் பக்கம் டவர் வேலைக்குப் போகிற பொடியன்களுக்கு, கயிற்றில் ஏறுகிற கருவி எந்தக் கம்பனி செய்ததென்றாலும் ‘ஜூமார்’தான். பார்த்தால் ஆங்கிலம் போல இருக்கும், ஆனால் அது இரண்டு ஆட்களின் பெயர். சுவிற்சர்லாந்தில் கழுகுகளை ஆராய்ந்த அடோல்ஃப் யூசிக்குச் செங்குத்துப் பாறைகளில் கயிறு பிடித்து ஏற வேண்டியிருந்தது, அதற்கொரு கருவி செய்து கொடுத்தவர் வால்டர் மார்ட்டி. இருவர் பெயரின் முதல் பாதியும் சேர்ந்து ஜூமார் ஆகி 1958இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும், மெல்லிய கயிற்றை ஏறுகிற கயிற்றில் சுற்றிப் போடுகிற ப்ரூசிக் முடிச்சுத்தான். அதுவும் ஆள் பெயரே.

தமிழில் ‘ஏற்றி’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, கருவியே ஆளைத் தூக்கிவிடும் என்பது போலக் கேட்கிறது. ஏறுவது நாம், அது பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் ‘ஏறுபிடி’ என்கிறேன். கத்திப்பிடி என்கிறோம், பிடி தளராதே என்கிறோம். கைப்பிடி, கவ்வுதல் இரண்டும் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகின்றன.

எப்படிக் கவ்வுகிறது? உள்ளே பல் வைத்த ஒரு சின்னத் தகடு, ஸ்பிரிங் அதைக் கயிற்றோடு அணைத்து வைத்திருக்கும். மேலே தள்ளினால் வழுக்கிப் போகும், கீழே பாரம் விழுந்தால் பல் கயிற்றின் மேலுறைக்குள் இறங்கிவிடும். மழையில் நனைந்து சேறு பட்ட கயிற்றிலும் அது நிற்பது பல் இருப்பதால்தான். ஆனால் கயிறு தொய்ந்து கிடக்கும்போது ஆள் விழுந்தால் அதே பல் மேலுறையைக் கிழித்துவிடும், அதுவும் 4 முதல் 6 கிலோநியூட்டன் இழுவையிலேயே, அதாவது ஏறத்தாழ 400 முதல் 600 கிலோ தொங்குகிற அளவில். வேலைக்கு எடுக்கிற கயிறோ 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டுமென்பது ஐரோப்பியத் தரம்! பல் இல்லாத வகையும் உண்டு, கயிற்றை நசுக்கித்தான் பிடிக்கும், கயிற்றுக்கு நல்லது, ஆனால் சிலதைக் கழற்றிப் பூட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். எதுவானாலும் ஏறுபிடி விழுகிற ஆளைப் பிடிப்பதற்குச் செய்ததல்ல, அதற்குத் தனியாக ஒரு காப்புக்கயிறும் ஆள் விழுந்தால் அதைக் கவ்விக்கொள்கிற ஒரு காப்புப்பிடியும் வேண்டும். நம்முடைய கடற்கரையில் இன்னொன்றும் இருக்கிறது: உப்புக்காற்றும் மணலும். பல்லிடையில் மணல் அடைத்து ஸ்பிரிங் இறுகினால் தகடு முழுதாக மூடாது, ஒவ்வொரு முறையும் கழுவி, காயவைத்து, விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும்.

இறங்குகிற கருவிகளுக்குப் பெயர் வைக்கும்போது இன்னும் கவனமாக இருக்கச் சொல்வேன். எட்டு வடிவ வளையம் கயிற்றை உரசித்தான் வேகத்தைக் குறைக்கிறது, கையை விட்டால் கயிறு ஓடிவிடும். அதற்கு ‘பிடி’ என்று பெயர் வைத்தால் புதிதாக வருகிற பிள்ளை நம்பிவிடுவான், ‘இறங்குவளையம்’ போதும். நெம்புகோல் வைத்து, கையை விட்டதும் தானாக நிற்கிறதுக்குத்தான் ‘இறங்குபிடி’. அதிலும் பழைய வகைகளில் நெம்புகோலை அழுத்தினால்தான் இறங்கலாம், பயந்துபோன ஆள் கையை விடமாட்டான், இன்னும் இறுக்கி அழுத்துவான், கயிறு அப்படியே பாயும். அப்புறம் வந்தவற்றில் சில, நெம்புகோலை அளவுக்கு மீறி இழுத்தாலும் பூட்டிக்கொள்ளும். பாரமும் விலையும் கூட, பழகும்வரை வெட்டி வெட்டித்தான் இறங்கும். உயரத்தில் புதிதாக வேலை பழகுகிறவர்களுக்கு நான் அதைத்தான் வாங்கிக் கொடுக்கச் சொல்வேன்.