உதடு ஒட்டாத பாட்டு

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் எடிட்டிங் ரூமுக்கு ஜனவரி, பிப்ரவரி வந்தால் ஒரு கூட்டம் வரும். கல்யாண பார்ட்டி இல்லை, காலேஜ் பசங்க. ஆண்டு விழாவுக்கோ ஏதாவது போட்டிக்கோ மியூசிக் வீடியோ எடுத்துவிட்டு, கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது பென்டிரைவோடு வந்து நிற்பார்கள். "அண்ணா, எல்லாம் முடிஞ்சுடுச்சு, லிப் மட்டும் கொஞ்சம் ஒட்டல, சரி பண்ணிக் குடுங்க." இந்த 'மட்டும் கொஞ்சம்' காதில் விழுந்தாலே அன்றைக்கு என் ராத்திரித் தூக்கம் போச்சு என்று அர்த்தம்.

இந்த வருஷம் வந்தது ஐந்து பேர். பாலாற்றைப் பற்றி அவர்களே எழுதி, அவர்களில் ஒரு பெண்ணே பாடிய பாட்டு. 2021 நவம்பரில் இரண்டு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியதை நினைவு வைத்து எழுதியிருந்தார்கள், வரிகள் நிஜமாகவே நன்றாக இருந்தன. படமும் மோசமில்லை, இப்போது வருகிற போன்களில் படம் மோசமாக வருவதற்குத் தனியாக முயற்சி பண்ண வேண்டும். ஆனால் பாதி ஷாட்டில் அந்தப் பெண் வாயை மூடிய பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் என்று தோண்டினேன். முதல் காரணம், ஷூட்டிங் முடிந்த பிறகு பாட்டை மாற்றியிருக்கிறார்கள். மிக்ஸிங் பண்ணிய நண்பன் "கொஞ்சம் டல்லா இருக்கு" என்று பாட்டின் வேகத்தை 96 பிபிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு) 98 ஆக்கிவிட்டான். "ரெண்டு தானே அண்ணா" என்றார்கள். நான்கு நிமிடப் பாட்டில் அந்த இரண்டு, கிட்டத்தட்ட 5 விநாடியைத் தின்றுவிடும். கடைசிச் சரணத்தில் உதடு எங்கேயோ, குரல் எங்கேயோ. அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: பாட்டு முடிந்தது, இனி யாரும் தொடமாட்டோம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் கேமராவைத் தூக்க வேண்டும். ஃபைல் பேரிலேயே 'ஃபைனல்' என்று போடுங்கள். 'ஃபைனல் 2', 'ஃபைனல் நிஜமா' என்று அதற்கு மேல் போகிறது என்றால் நீங்கள் இன்னும் ஷூட்டிங்குக்குத் தயாராகவில்லை.

இரண்டாவது காரணம் போன். போனில் 30 ஃப்ரேம் (விநாடிக்கு 30 படம்) என்று செட் பண்ணினாலும் அது விநாடிக்குச் சரியாக 30 எடுக்காது, வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ கொஞ்சம் குறைத்து எடுக்கும், அப்புறம் கூட்டும். இன்ஸ்டாவில் 30 விநாடி ரீல் போடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. நான்கு நிமிடம் ஒரே டேக்கில் எடுத்து எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டால் சில சமயம் முதல் பல்லவி கச்சிதமாக ஒட்டும், போகப் போக நழுவும். ஃபிரேம் ரேட்டைப் பூட்டி வைக்கிற கேமரா ஆப்பில் எடுங்கள், அல்லது எடிட்டிங்குக்கு முன்னால் ஹேண்ட்பிரேக் மாதிரி இலவச சாஃப்ட்வேரில் எல்லாக் கிளிப்பையும் ஒரே சீரான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேலூர் மே மாத வெயிலில் பதினொரு மணிக்கு மேல் போனை மணலில் நிறுத்தி எடுத்தால் ஃப்ரேம் குறைவது மட்டும் இல்லை, ஆப்பே மூடிக்கொள்ளும். காலை ஐந்தரைக்குப் போய் எட்டு மணிக்குள் மூட்டை கட்டுவதுதான் நம் ஊருக்குச் சரி.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு மணி நேரம் ஆனது. கிட்டத்து ஷாட் எல்லாம் ஒட்டுகிறது, ஆற்று மணலில் அவள் சின்னப் புள்ளியாக நடந்து வருகிற அந்த அகலமான ஷாட்டிலிருந்து அப்படியே ஜூம் பண்ணி முகத்துக்குப் போகும்போது மட்டும் உதடு முந்துகிறது. விசாரித்தால், ஸ்பீக்கரைப் பாடுகிற பெண் பக்கத்தில் வைத்துவிட்டு, கேமராவை நூறு மீட்டர் தள்ளிக் கரைமேல் வைத்திருக்கிறார்கள். சத்தம் விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் கடந்து கேமரா மைக்குக்கு வருவதற்குள் 0.3 விநாடி போய்விடுகிறது, 25 ஃப்ரேம் கணக்கில் 7 ஃப்ரேம். கேமராவில் பதிவான அந்தத் தாமதமான சத்தத்தை நம்பி சாஃப்ட்வேர் பாட்டோடு ஒட்ட வைத்தால் படம் 7 ஃப்ரேம் முந்திக்கொண்டு ஓடும். சாஃப்ட்வேர் மேல் தப்பே இல்லை. இந்த மாதிரி ஷாட்டுக்கு, பாடுகிறவர் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஒரு தட்டு தட்டட்டும், கை சேரும் ஃப்ரேமைக் கண்ணால் பார்த்து, பாட்டில் அந்தத் தட்டு விழவேண்டிய தாளத்தோடு கையால் ஒட்ட வையுங்கள். பாட்டு தொடங்குமுன் நான்கு 'டிக்' சத்தம் சேர்த்து ஒரு ஷூட்டிங் காப்பி போட்டுக்கொண்டால், நான்காவது டிக்கில் தட்டு என்று சொல்லிவிடலாம், அத்தோடு வேலை முடிந்தது.

ஸ்லோமோஷனில் பாட வேண்டுமா? பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, 50 ஃப்ரேமில் எடுத்து, 25-ல் ஓட்டுங்கள். துணி மெதுவாகப் பறக்கும், உதடு சரியாகப் பாடும். அந்த வேகத்தில் பாடிப் பழக வேண்டும், முதல் நாள் எல்லோரும் சிரித்துச் சிரித்தே நேரம் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, இதெல்லாம் கைவேலை, எப்படியாவது சரிபண்ணிவிடலாம். சரிபண்ண முடியாத ஒன்று அதற்கப்புறம்தான் வந்தது. பாட்டுக்கு அடியில் ஓடுகிற அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "யூடியூப்ல ஃப்ரீ பீட்னு போட்டிருந்தாங்க அண்ணா."

ஃப்ரீ என்று தலைப்பில் இருந்தால், டவுன்லோட் பண்ணக் காசு இல்லை என்று மட்டும்தான் பெரும்பாலும் அர்த்தம். கீழே விளக்கத்தில், காசு சம்பாதிக்கிற வீடியோவில் போடாதே, என் பேரைப் போடு என்று நிபந்தனைகள் இருக்கும், யாரும் படிப்பதில்லை. அதே பீட்டைக் காசு கொடுத்து வாங்கிய இன்னொருவர் தன் பாட்டை, பதிவான பாட்டைத் தானே கண்டுபிடிக்கிற யூடியூப்பின் கன்டென்ட் ஐடியில் பதிவு பண்ணியிருந்தால், உங்கள் வீடியோ ஏறிய உடனே அவர் பேரில் கிளெய்ம், அதாவது உரிமைக் கோரிக்கை, விழும். கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் விழுந்தால் விளம்பர வருமானம் அவருக்குப் போகலாம், சத்தம் முடங்கலாம், சில நாடுகளில் வீடியோ தெரியாமல் போகலாம். சொந்தக்காரர் முறைப்படி நீக்கச் சொன்னால்தான் ஸ்ட்ரைக், அது 90 நாள் நிற்கும், மூன்று சேர்ந்தால் சேனலையே மூடிவிடலாம். கல்லூரி சேனலில் ஏற்றிவிட்டு இந்தக் கதியானால் உங்கள் துறைத் தலைவர் முகத்தில் எப்படி விழிப்பீர்கள் என்று யோசியுங்கள். எனக்கே நடந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரி வீடியோவில் இருபது விநாடிதானே என்று சினிமாப் பாட்டு இசைத்துண்டு ஒன்றைச் செருகிவிட்டேன், விழா அன்று காலையில் வீடியோ ஊமையாகிக் கிடந்தது. இருபது விநாடி பரவாயில்லை, பத்து விநாடி பரவாயில்லை என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. 'உரிமை மீறும் எண்ணமில்லை' என்று கீழே எழுதிவிட்டால் போதும் என்பதும் யாரோ கிளப்பிவிட்டது.

1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து இருக்கிறது: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றுக்கும் தனித்தனி உரிமை. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர் ஆயுளும் அதற்குப் பின் 60 வருஷமும், ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 வருஷம். "அண்ணா, பாரதியார் பாட்டு ஃப்ரீதானே?" என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்பார். பாரதி 1921-ல் போனார், அவர் எழுத்துகள் பொதுச்சொத்து, வரியை நீங்கள் தாராளமாகப் பாடலாம். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருப்பது அநேகமாக ஏதோ ஒரு படத்தில் வந்த மெட்டு, அதை ஒருவர் போட்டார், ஒரு கம்பெனி பதிவு பண்ணியது. வரி பாரதியுடையது, மெட்டு இல்லை. சொந்தமாக மெட்டுப் போடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆண்டு விழா மேடையில் சினிமாப் பாட்டைப் பாடுகிறோமே என்றால், கல்வி நிறுவனத்தின் நிகழ்ச்சியில் ஆசிரியர்களும் மாணவர்களும் பாடி ஆடுவதற்குச் சட்டத்தின் 52-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. அதை வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு பொருந்தாது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். ஏஐ-யில் ஒரு பிரபலப் பாடகர் குரலைப் போட்டுக்கொள்கிறேன் என்ற யோசனையும் வேண்டாம், பாடகர் அரிஜித் சிங் குரலை அப்படி நகலெடுப்பதற்கு 2024-லேயே பம்பாய் உயர்நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது.

அந்த பீட்டைத் தூக்கிவிடலாம் என்றேன், முகமெல்லாம் தொங்கிப்போயிற்று. அவர்களில் ஒருவனுக்கு அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் வீடு. "எங்க ஊர்ல பம்பை மேளம் அடிக்கிற தாத்தா இருக்கார்" என்று மெதுவாகச் சொன்னான். வடார்க்காட்டில் பிறந்துவிட்டு, திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு, தாளத்துக்கு யூடியூப்பில் தேடியிருக்கிறார்கள் பாருங்கள்! அன்றைக்கே போகச் சொன்னேன்.

போய் ரெக்கார்ட் பண்ணிக்கொண்டு வந்ததை அந்தப் பெரியவரிடமே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "இன்னா தம்பி, தகரம் தட்ற மாதிரி கீது" என்றாராம். சரியாகச் சொல்லிவிட்டார். இரண்டடி தூரத்தில் போனை நீட்டி, டைல்ஸ் போட்ட ஹாலில், சாதாரண வாய்ஸ் ரெக்கார்டரில் எடுத்திருந்தார்கள். அந்த ஆப் பேச்சுக்குச் செய்தது, பலமாக ஒரு அடி விழுந்ததும் சத்தத்தைத் தானே இறக்கும், அப்புறம் தானே ஏற்றும், கேட்டால் மேளத்துக்கு மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். மறுநாள் நானும் கூடப் போனேன். வீட்டுக்கு வெளியே வேப்பமரத்தடி, சுவர் எதுவும் பக்கத்தில் இல்லை. ஒரு போனை ஏழடி தள்ளி, இன்னொன்றைப் பம்பையின் அடிக்கிற முகத்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில். மைக் அளவைக் கையால் மாற்றவிடுகிற ஆப், ஒலிப்பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் (பூஜ்யத்தைத் தொட்டால் சத்தம் உடையும்) நிற்கிற மாதிரி முதலிலேயே அடிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம். தொடக்கத்தில் கைதட்டு, இரண்டு போனும் அதை வைத்து ஒன்று சேரும்.

பசங்க அவர் காதில் ஹெட்போனை மாட்டி கிளிக் டிராக் ஓடவிடப் பார்த்தார்கள். வேண்டாம் என்று கழற்றச் சொன்னேன். கூத்தில் ஆடுகிறவர் காலைப் பார்த்து அடித்துப் பழகிய கை, டிக் டிக் சத்தத்தைப் பார்த்து அடித்தால் உயிர் போய்விடும். அவரை அவர் போக்கில் அடிக்கவிட்டு, அந்த வேகத்துக்குப் பாட்டை நகர்த்தினோம். அந்தப் பெண் மறுபடி பாடினாள். குரலை என் ரூமில்தான் எடுத்தோம், ஃபேனை நிறுத்தி, இரண்டு பக்கமும் கம்பளி தொங்கவிட்டு. நாலு வரிக்கு ஒரு தடவை வெளியே ஓடிப்போய்க் காற்று வாங்கினாள்.

அப்புறம் பணம். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பசங்க மறந்துவிடுகிறார்கள், பெரியவர்கள் மறந்த மாதிரி இருந்துவிடுகிறார்கள். நாட்டுப்புறக் கலைஞரைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னால் ஒரு கூத்துக்கு என்ன வாங்குகிறார் என்று கேட்டு அதைக் கொடுங்கள், டீயும் பன்னும் கூலி ஆகாது. நிகழ்த்துகிறவருக்கும் நம் சட்டத்தில் தனி உரிமை உண்டு, 50 வருஷத்துக்கு. எதற்காகப் பதிவு பண்ணுகிறோம், எங்கே போடப்போகிறோம் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். வீடியோவில் 18 வயதுக்குக் கீழே யாராவது ஆடினால் அவர்கள் அப்பா அம்மாவிடமும் அப்படியே.

பாட்டு மாறியதால் மறு ஷூட்டிங். எங்கே எடுப்பது என்று கேட்டால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது கோட்டை. அது மத்தியத் தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிறது, கையில் போனோடு குடும்பப் படம் எடுப்பது வேறு, ட்ரைபாட், லைட், ஆட்டக் கூட்டத்தோடு போவது வேறு, முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அடுத்தது காட்பாடி பக்கம் தண்டவாளம். தயவுசெய்து வேண்டாம். ரயில்வே சட்டத்தில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை ஜெயிலோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு, அதைவிட, ஹெட்போன் மாட்டிப் பாட்டுக்கு வாயசைக்கிறவனுக்கு ரயில் வருவது கேட்காது. ட்ரோன் என்றால் பதிவு வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள், சின்ன ட்ரோனாக இருந்தாலும் டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசு இணையதள வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம், அங்கே பறக்கவிடலாமா என்று பார்த்துவிட்டுத்தான் பறக்கவிட வேண்டும்.

ராத்திரி தெருவிளக்கில், சீரியல் லைட்டில் எடுத்தால் படத்தில் கருப்புப் பட்டை ஓடும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் நிறுத்துங்கள், பெரும்பாலும் போய்விடும். இன்னொன்று, எடுத்த கிளிப்பை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், பிழிந்து சக்கையைத்தான் கொடுக்கும். கேபிள் போட்டு ஏற்றுங்கள், இல்லையென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

வீடியோ முடிந்து, டைட்டில் கார்டில் பம்பைக்காரர் பேரில் ஒரு எழுத்து தப்பாகப் போயிருந்ததைக் கடைசி நிமிடத்தில் பார்த்து, ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி எக்ஸ்போர்ட் போட்டோம். அவருக்குப் போட்டுக் காட்டப் போனபோது முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, தான் மட்டும் அடிக்கிற இடத்தைத் தனியாக வெட்டித் தரமுடியுமா, திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்குப் போனில் காட்ட வேண்டும் என்றார். ஒரு நிமிடத்துக்கு வெட்டி, அவர் பேரும் ஊரும் போட்டு, அவர் போனிலேயே ஏற்றிக்கொடுத்துவிட்டு வந்தோம்.