வண்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தானிய மூட்டையைப் பிரித்ததும் ஓடுகிற வண்டுகளைப் பார்த்துத்தான் பதறுகிறோம். ஆனால் கண்ணில் படாதவைதான் அதிகம். அரிசிக் கூன்வண்டின் பெண், நீண்ட மூக்கின் நுனியிலுள்ள வாயால் தானிய மணியில் சிறு குழி பறிக்கும். திரும்பி நின்று அதில் ஒரு முட்டை இடும். பசை போன்ற சுரப்பால் குழியை அடைத்துவிடும். அடைத்த இடம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. புழு உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக ஓட்டை போட்டு வெளியே வரும். சலித்தால் வண்டு போகும். மணிக்குள் இருக்கும் அதன் பிள்ளைகள் போகாது.

இந்தப் பூச்சிகள் வாழும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கையில் அள்ளினால் சலசலக்கும் தானியத்திலும் 12 சதவீத அளவுக்கு ஈரம் இருக்கும் என்பது உண்மைதான். மீதித் தேவைக்குப் பூச்சி தானே தண்ணீர் தயாரித்துக்கொள்கிறது: மாவுச்சத்து உடலில் ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது நீர் பிறக்கிறது. 100 கிராம் மாவுச்சத்துக்கு சுமார் 55 கிராம் நீர்! அப்படிக் கிடைத்தது ஆவியாகிப் போகாமல் உடல்மேல் ஒரு மெல்லிய மெழுகுப் பூச்சு காக்கிறது.

வரவு, சேமிப்பு இரண்டும் தெரிந்துவிட்டால் எங்கே கை வைக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதல் வழி காயவைப்பது. 12, 13 சதவீத ஈரம் பூஞ்சையைத் தடுக்கும், வண்டைத் தடுக்காது. 9 சதவீதத்துக்குக் கீழே போனால் கூன்வண்டு பெருகத் திணறும். தானியத் துளைப்பான், கப்ரா வண்டு போன்ற வேறு தானியப் பூச்சிகள் அதையும் தாங்கும் என்பதால் காயவைப்பதை மட்டும் நம்ப முடியாது.

டயட்டம் மண் அந்த மெழுகையே குறிவைக்கிறது. டயட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் படிந்து உண்டான பொடி இது. தானியத்தில் கலந்துவிட்டால், ஊர்ந்து போகும் வண்டின் மேல் ஒட்டி மெழுகை உறிஞ்சிவிடும். பூச்சி வற்றிச் சாகும். ஈரத் தானியத்தில் இது அவ்வளவாக எடுபடாது, இழந்த நீரை வண்டு தின்றே ஈடுகட்டிவிடும்.

எனக்குப் பிடித்தது காற்றுப்புகாப் பை. மருந்தே வேண்டாம். உள்ளே இருக்கும் பூச்சிகளே மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும்போது தீனி நிற்கும், வளர்ச்சி நிற்கும். மூச்சு திணறிச் சாவதாகத்தான் தோன்றும். ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் மாவுச்சத்தை எரிக்க முடியாது; எரிக்காமல் நீர் இல்லை. போதாததற்கு, காற்றுக்காக மூச்சுத்துளைகளைத் திறந்தே வைத்திருப்பதால் இருக்கிற ஈரமும் வெளியேறும். அதாவது தாகமும் சேர்ந்தே கொல்கிறது. பையைத் தலைவரை நிரப்பி, காற்றைப் பிதுக்கிவிட்டு இறுகக் கட்ட வேண்டும். எலி ஒரு ஓட்டை போட்டால் எல்லாம் வீண்.

பெரிய கிடங்குகள் நம்பியிருக்கும் பாஸ்பீன் வாயு இந்தக் கணக்கில் சேராது. அது நேரடி நஞ்சு. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வாயுவாகி மணிக்குள்ளும் புகும். முட்டையும் கூட்டுப்புழுவும் குறைவாக மூச்சுவிடுவதால் எளிதில் சாகா. கிடங்கைப் பல நாள் கசிவின்றி மூடி வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தாலோ வாயு கசிந்தாலோ பிழைத்தவை பெருகும், எதிர்ப்புத்திறன் உள்ள வண்டுகள் இப்படித்தான் உருவாகின்றன. மனிதரையும் கொல்லும் வாயு என்பதால் இது பயிற்சி பெற்றவர்கள் கையில் மட்டுமே இருக்க வேண்டும், வீட்டில் கூடவே கூடாது. வாயு வெளியேறியபின் தானியத்துக்கு எந்தக் காவலும் மிஞ்சாது. கதவைத் திறந்த அன்றே புது வண்டு உள்ளே வரலாம்.