"ஒரே ஓர் இடத்துலதான் அண்ணே கசியுது"

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. லிஃப்டில் ஏற்றிவிட்டுக் கீழே போய்ப் பார்க்கிறேன். டேங்கிலிருந்து இன்ஜினுக்கு வரும் பெட்ரோல் டியூபின் மேல் சோப்பை அப்பி, அதன் மேல் கரண்டு டேப்பைச் சுற்றி, அதற்கும் மேல் கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தது. டேப்பின் பசை கரைந்து கூழாகி வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "ஒரே ஓர் இடத்துலதான் அண்ணே லேசா கசியுது. அதை மட்டும் அடைச்சுக் கொடுத்துடுங்க."

இந்த "ஒரே ஓர் இடம்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழைய வண்டியில் இந்த டியூப் இரும்பு. அதன் சுவர் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. சேஸிஸ் ஓரமாகவே ஓடும், ஆங்காங்கே கிளிப் போட்டுப் பிடித்திருப்பார்கள். மழைத் தண்ணீரும் சேறும் அந்தக் கிளிப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். வெளியே தெரியும் டியூப் ஒரு நாளில் காய்ந்துவிடும், கிளிப்புக்குள் இருப்பது நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஆகவே ஓட்டை பெரும்பாலும் கிளிப்புக்கு அடியில்தான் விழும், கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். இப்போது யோசியுங்கள். பத்து கிளிப் என்றால் பத்தும் ஒரே வயது, பத்தும் குடித்தது ஒரே சேறு. ஒன்றில் ஓட்டை விழுந்துவிட்டது என்றால் மற்ற ஒன்பதும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம்.

"சரி, ஓட்டை விழுந்த துண்டை வெட்டிவிட்டு நடுவில் ரப்பர் ஓஸ் சொருகுங்கள்" என்பது அடுத்த யோசனை. ஓஸ் மாட்ட இரண்டு பக்கமும் வழவழப்பான, திடமான இரும்பு வேண்டும். துரு செதில் செதிலாக நிற்கும் டியூபில் கிளாம்ப்பை இறுக்கினால் ஒன்று கசியும், இல்லை டியூபே நசுங்கும். நல்ல இரும்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடிப் பின்னாலேயே போனால் டேங்க் வரை போய்விடுவோம். அன்றைக்கு அந்த வண்டியிலிருந்து கழற்றிய டியூபை அவர் கையிலேயே கொடுத்தேன். லேசாக வளைத்தார், இரண்டாக ஒடிந்தது. ஒடிந்தது கசிந்த இடத்தில் அல்ல, இரண்டு அடி தள்ளி.

சோப்பு, பசை, சீலன்ட் எல்லாம் ஏன் நிற்காது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? பழைய கார்புரேட்டர் வண்டியில் லைனில், அதாவது இந்த டியூபுக்குள், உள்ள அழுத்தம் 3 முதல் 6 பி.எஸ்.ஐ. வரை. பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் 40, 50 பி.எஸ்.ஐ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அதிகம். அதைச் சோப்புக்கட்டி தாங்காது.

"ஒரு சொட்டுதானே, தானாகக் காய்ந்துவிடும்" என்பவர்களும் உண்டு. காய்வதுதான் ஆபத்து. மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடப் பெட்ரோல் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே கலைந்து போகாமல் தரையோடு ஊர்ந்துபோய், எங்கே பொறி கிடைக்கும் என்று பார்க்கும்.

டீசல் வண்டிக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். பல பழைய டீசல் வண்டிகளில் பம்ப்தான் டேங்கிலிருந்து உறிஞ்சும். டியூபில் ஓட்டை விழுந்தால் சொட்டாது, காற்றை இழுக்கும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். பேட்டரி மாற்றி, செல்ஃப் மோட்டார் மாற்றி, கடைசியில்தான் டியூபைப் பார்க்க வருவார்கள். காமன் ரெயில் என்னும் புது வகை டீசல் வண்டியின் ஹை பிரஷர் பைப்பில் கசிவு என்றால் விரல் வைத்துத் தேடவே தேடாதீர்கள். 1,000 பார் அழுத்தத்துக்கு மேல் (ஒரு பார் என்பது சுமார் 14.5 பி.எஸ்.ஐ.) பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சரியான வேலை என்றால் முழு நீளத்தையும் மாற்றுவதுதான். பூச்சுப் போட்ட இரும்பு டியூப், அல்லது காப்பர் நிக்கல். வெறும் செம்பு வேண்டாம், வண்டி அதிர அதிர இறுகி விரிசல் விட்டுவிடும். மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பிக் கொண்டுபோகும் ரிட்டர்ன் லைனும் அதே வயதுதான், அதையும் சேர்த்து மாற்றுங்கள். கம்பெனி ரப்பர் ஓஸ் போட்ட இடத்தில் மட்டும் ஓஸ் இருக்கட்டும். இன்ஜெக்ஷன் வண்டிக்கு ஓஸின் மேல் ஆர்9 (R9) என்ற தரக் குறி அச்சடித்திருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து நீட்டாதீர்கள். டியூபின் வாயை விரித்து நட்டுப் போட்டு இறுக்கும் ஃபிளேர் ஜாயின்டில் டெஃப்லான் டேப் சுற்றுவதையும் நிறுத்துங்கள். அங்கே இரும்போடு இரும்பு உட்கார்ந்துதான் அடைக்கிறது, மரை அல்ல. பிய்ந்த டேப் நூல் நேராக இன்ஜெக்டருக்குப் போகும்.

வீட்டிலேயே கை வைப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: முதலில் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள், லைன் அழுத்தம் இறங்கும். கசிவு இருக்கும் வண்டியில் அந்த ஸ்டார்ட்டும் கூடாது, பட்டறைக்குச் சொல்லுங்கள். பிறகு இன்ஜினை ஆறவிட்டு, பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். குண்டு பல்ப் விளக்கு கூடாது, ஒரு சொட்டுப் பட்டு உடைந்தால் போதும். எல்.இ.டி. டார்ச் வையுங்கள். பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெல்டிங் பற்றிப் பேசவே பேசாதீர்கள். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் மோசம், அதில் இருப்பது முழுக்க ஆவி. இன்னொன்று, இது கெஞ்சிக் கேட்பது: டேங்கைக் காலி செய்ய வாயால் உறிஞ்சாதீர்கள். ஒரு வாய் தவறி நுரையீரலுக்குப் போனால் ஆஸ்பத்திரிதான்.

மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இரண்டு மூன்று தடவை ஆன் செய்து லைனில் அழுத்தம் ஏற்றுங்கள். ஒவ்வொரு ஜாயின்டையும் காய்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடானதும் ஒருமுறை, மறுநாள் காலை ஸ்டார்ட்டுக்கு முன் ஒருமுறை.

இடையில் எப்போதாவது பெட்ரோல் வாசம் வந்தால், "கொஞ்ச தூரம்தானே" என்று பட்டறைக்கு ஓட்டி வராதீர்கள். ஓரமாக நிறுத்தி, இறங்கித் தள்ளி நின்று போன் செய்யுங்கள். நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம்.